மழை வந்தால் அறுபது

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை. பினாங்கில் நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டு அறையில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஜெலுத்தோங் மலிவுவிலை ஃபிளாட்டில் வளர்ந்து, எங்கள் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பெருமையெல்லாம் என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவனைப் பார்த்ததும் சுருங்கிவிடும்.

மின்பலகையில் வேக வரம்பை நிலைமைக்குத் தகுந்தபடி மாற்றும் திட்டம் அப்போது சோதனையில் இருந்தது. மழை கொட்டினால் மோட்டார் சைக்கிள்காரர்கள் மேம்பாலத்தின் கீழ் ஒதுங்குவார்கள். கூட்டம் சேர்ந்தால் சாலைவரை வழிந்து நிற்பார்கள். அதனால் மழை தொடங்கியதுமே, மேம்பாலத்துக்கு முன்னால் தொண்ணூறை அறுபதாகக் குறைக்க வேண்டும் என்று சொன்னவன் அவன்தான். அதிகாரிகள் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவின் மோட்டார் சைக்கிளில் நனைந்தே வளர்ந்த எனக்குத் தோன்றாதது, காரில் பள்ளிக்குப் போனவனுக்கு எப்படித் தோன்றியது?

அன்று மழை பிடித்ததும் அவன் பலகையில் அறுபது போட்டான்.

"எவன்லா மதிக்கப் போறான்? ஹாரன்தான் அடிப்பானுங்க," என்றேன். யாரும் மதிக்கக் கூடாது என்றுகூட உள்ளுக்குள் ஆசை.

"பாப்போம்லா," என்று சிரித்தான்.

கேமரா திரையில் வண்டிகள் ஒவ்வொன்றாக வேகத்தைக் குறைத்தன. மேம்பாலத்தின் கீழ் நின்ற கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பச்சை ஜாக்கெட். எதிர்க்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க முன்பின்னாக மாட்டியிருந்தாள். என் அக்கா! பத்து காவான் வட்டாரத் தொழிற்சாலையிலிருந்து திரும்புகிறவள், மழைக்கோட்டை எடுக்க மோட்டார் சைக்கிளின் சீட்டைத் தூக்கிக்கொண்டு, சாலைக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் ஒரு லாரி தண்ணீரில் வழுக்கிக்கொண்டு வந்தது. நான் எழுந்துவிட்டேன். கத்தினேனா, தெரியாது. லாரி அவளை ஒட்டி வந்து நின்றது. கையை நீட்டினால் தொடலாம்.

உடனே போன் செய்தேன்.

"ஒண்ணும் ஆகல தம்பி. மெதுவாத்தான் வந்தான், அதான் பிரேக் புடிச்சிச்சு. போர்டுல அறுபதுன்னு பாத்தேன். நீதானே போட்ட?"

ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்தது. "இல்லக்கா. என்கூட வேல செய்றவன். அவன் யோசனைதான்."

"நல்ல மூளைடா அவனுக்கு! வீட்டுக்குக் கூட்டிட்டு வா, நண்டு பெரட்டி போடறேன்."

நான் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு நண்டு கிடைக்கவில்லை.

அவன் மேல் எனக்கு இன்னமும் பொறாமைதான். ஆனால் மழை பிடிக்கும்போதெல்லாம், அவன் யோசனை பலிக்க வேண்டுமே என்று அவனைவிட அதிகமாக வேண்டிக்கொள்பவன் நானாகத்தான் இருப்பேன்.