மெரினாவும் வேன் கூரையில் ஏறிய குழந்தை சீட்டும்

என் தங்கச்சி மெரினா 1973இல் இலங்கை மலையகத்தின் றொசல்லவில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தாள். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்தவள் அவள் ஒருத்திதான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தாள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அப்போது அங்கே இருபத்திரண்டு பிள்ளைகள். அடுத்த அறையில் நின்றுகொண்டே, அழுவது யார் என்று குரலை வைத்துச் சொல்லிவிடுவாள்.

1996இல் இத்தாலிக்குப் போனாள். மிலானில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்பதால் அந்த வீட்டுக்காரர்கள் அவளைக் கார் ஓட்டப் பழக வைத்தார்கள். சோதனையில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள். தோற்றதையும் சேர்த்து எழுதச் சொன்னது அவள்தான்.

அங்கேயே டினேஷைக் கல்யாணம் செய்தாள். மகள் லூசியாவுக்கு இரண்டு வயது நடந்தபோது, 2003 ஆகஸ்ட் மாதம் முதல் தடவையாக ஊருக்கு வருவதாகக் கடிதம் போட்டாள். டினேஷுக்கு லீவு கிடைக்கவில்லை. "கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வாடகைக் கார் சொல்லி வைத்திருக்கிறேன். என் பிள்ளையை நானே ஓட்டிக்கொண்டு வந்து வீட்டில் இறக்குவேன். காரில் அவளை வைத்துக் கட்டும் குழந்தை சீட்டும் கொண்டு வருகிறேன். யாரும் வர வேண்டாம்" என்று எழுதியிருந்தாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கினிகத்தேனை வளைவுல பஸ்காரனே மாதாவக் கும்புட்டுக்கிட்டுத்தான் ஏறுறான். இவ ஓட்டுறாளாமில்ல! நீ போயி அவள வேன்ல ஏத்திக்கிட்டு வந்து சேரு" என்று என்னிடம் சொன்னார்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவரை யாரும் போய் அழைத்து வராமல் இருப்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். எங்கள் தோட்டத்து மாயாண்டியின் வேனைப் பேசி, பதினான்கு பேர் விடியுமுன்பே போய் இறங்கிவிட்டோம்.

காலை எட்டு மணிக்கு மெரினா வெளியே வந்தாள். இடுப்பில் பிள்ளை. முதுகில், கொழுந்துக் கூடை கட்டியது போல, பெரிய சாம்பல் நிற சீட். விமானத்திலும் லூசியாவுக்குத் தனி டிக்கெட் எடுத்து, அதிலேயே வைத்துக் கட்டிக் கொண்டு வந்தாளாம். எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வர வேணாம்னு எழுதினேனே!"

"நீ எழுதுவ. நாங்க கேட்ருவோமா?" என்றார் ராசம்மா அத்தை.

மெரினா சாமான்களை எங்களிடம் விட்டுவிட்டு, பிள்ளையோடு வாடகைக் கார் ஆபீசுக்குப் போனாள். வேனை அங்கே நிறுத்தி வைக்கப் பொலிஸ்காரர் விடவில்லை. அவசரமாக ஏற்ற வேண்டியதாயிற்று. எனக்குத் தொழிற்சாலையில் தேயிலை மூட்டைகளை எண்ணி லொறியில் ஏற்றும் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு மூட்டை குறைந்ததில்லை. அதே ஒழுங்கோடு சாமான்களை எண்ணினேன். ஏழு உருப்படி. ஏழையும் வேன் கூரையில் ஏற்றி, இரட்டைச் சுருக்குப் போட்டு இறுக்கினேன். "அந்தோணியார் கோயில்ல நில்லுங்க, நான் தங்கச்சியோட கார்ல வந்துர்றேன்" என்று சொல்லி வேனை அனுப்பினேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் மலை ஏறுவது எங்கள் வீட்டு வழக்கம்.

ஆபீஸ் வாசலில் வெள்ளை நிறச் சின்னக் கார் நின்றது. மெரினா பின்கதவைத் திறந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சீட்டு எங்க?"

"அதெல்லாம் பத்திரமா கூரையில கட்டிட்டேன். ஏழும் சரி."

அவள் என்னையே பார்த்தாள். "அத சாமான்னு எண்ணிட்டியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இன்னைக்கு ஒரு நாளைக்கு நான் மடியில வச்சுக்கிறேன்" என்றேன்.

"பிள்ளைக்காம்பராவுல ரெண்டு வருசம் ஒரு பிள்ளைய நான் கீழ விட்டதில்ல. இவள மட்டும் மடியில வச்சுக்கிட்டு மலை ஏறச் சொல்றியா? சீட்டு வராம இந்தக் கார் நகராது."

ஆபீஸ்காரர் மணியைப் பார்த்தார். மெரினா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பத்து மணிக்குள் எடுக்காவிட்டால், காத்துக்கொண்டிருக்கும் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவாராம். இருந்தது அந்த ஒரு கார்தான். அது போனால் அப்பா சொன்னபடி வேன்தான். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் என் மனதின் ஒரு மூலையில் நிம்மதிகூட வந்தது. ஆனால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் ஒரு த்ரீவீலரை மறித்தேன்.

கோயில் வாசலில் வேன் நின்றது. கூரையில் ஆறு உருப்படிதான். மறுபடியும் எண்ணினேன். மரத்தடியில் பார்த்தால், எங்கள் ஆட்கள் வட்டமாக நின்று சிரிக்கிறார்கள். நடுவில் ராசம்மா அத்தை, சீட்டுக்குள். கால் வலிக்கிறது, உட்கார வேண்டும் என்று மாயாண்டியை இறக்கித் தரச் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க முடியவில்லை.

"வாடா, வா! இத யாருக்குடா செஞ்சான்? இடுப்பப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது!"

"ரெண்டு வயசுப் பிள்ளைக்கு அத்தை."

"அத ஏறுறதுக்கு முன்னாடி சொல்லணும்!"

மாயாண்டி ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். மூன்றாவது இழுப்பில் சீட்டோடு எழுந்தார், நாலாவதில் தனியாக வந்தார். சீட்டை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலரில் ஏறினேன். "புட்டுவக்த?" என்று ஓட்டுநர் சிங்களத்தில் கேட்டார், நாற்காலியா என்று. "ஓவ்" என்றேன். ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன், விளக்க நேரமில்லை.

பத்து மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். மெரினா கையெழுத்துப் போட்டாள். பிறகு சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, பெல்ட்டைக் கோர்த்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இறுக்கினாள். பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கார் ஆடியது, சீட் ஆடவில்லை. நான் கட்டிய முடிச்சுகளில் ஒன்றுகூட அப்படி நின்றதில்லை.

கோயிலில் திரி கொளுத்தினாள். அத்தை வேனிலிருந்து இறங்கி வந்து எங்கள் காரில் பின்பக்கம் ஏறிக்கொண்டார்.

"அத்தை, பெல்ட்டப் போடுங்க."

"எனக்கு எதுக்குடி? நான் எங்க ஓடப்போறேன்?"

போட்ட பிறகுதான் மெரினா காரை எடுத்தாள்.

கித்துள்கல தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தாள். மேலிருந்து வந்த பஸ்களுக்கு ஒதுங்கி வழி விட்டாள். நான் கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"அண்ணே, கதவ விடு. அது கழண்டு விழாது."

கினிகத்தேனைக்குக் கீழே ஒரு வளைவில், எதிரே வந்த பஸ்காரர் அவளைக் கண்டு நிறுத்தி, கையைக் காட்டி முதலில் போகச் சொன்னார். நடத்துநர் விசில் அடித்தார். அத்தை ஜன்னலால் கையை நீட்டி, "எங்க புள்ள!" என்று கத்தினார். லூசியா அந்தச் சத்தத்திலும் விழிக்கவில்லை.

மூன்றரை மணிக்கு எங்கள் லயத்தடியில் கார் நின்றது. அப்பா வந்தார். காரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். உள்ளே தூங்கும் பேத்தியைப் பார்த்தார்.

"பிரேக் நல்லாப் புடிக்குதா?"

"புடிக்குதுப்பா."

"நீ சாப்புட்டியா?"

அவ்வளவுதான். அதற்குள் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் காரைச் சூழ்ந்துவிட்டார்கள். ஒருத்தி தன் மகனைத் தூக்கிக் காட்டி, "மெரினாக்கா, இவனையும் ஒருக்கா அதுல வச்சுக் கட்டுங்களேன்" என்றாள்.

மெரினா தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு சிரித்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும், தொழிற்சாலை வரை போய்த் திரும்ப ஒரு சுற்று, ஒரு சுற்றுக்கு ஒரு பிள்ளை, பெல்ட் போட்டுக் கொண்டுபோனாள். ஒருவர் விடுபடாமல் இருக்க நான் பேர் எழுதினேன். பத்தொன்பது பிள்ளைகள். கடைசியாகப் போன அழகுமுத்துவின் மகள் திரும்பி வரும்போது வாயைத் திறந்து தூங்கிவிட்டாள். மெரினா காரை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல், அந்தப் பிள்ளை விழிக்கும் வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.