கடலுக்குள் கோட்டை பார்க்கப் போனோம்

கடலைப் பார்த்திருக்கிறாயா என்று யாராவது கேட்டால் பார்த்திருக்கிறேன் என்று உடனே சொல்லிவிடுவேன். கடலுக்குள் இருக்கும் கோட்டையைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படகில் ஏறி அதைச் சுற்றி வந்தது உண்மைதான். ஆனால் போகும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனேன். திரும்பும்போது சித்தியின் மடியில் படுத்துக்கொண்டு வந்தேன். கோட்டையின் பெயர்கூட இப்போது நினைவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா மலை மேல் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புவதிலிருந்து மாலையில் பழ மூட்டையை எடை போடுவது வரை அவர் பொறுப்பு. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். அம்மாவைப் பெற்றவர்கள் இல்லாததால் சித்திக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேலையும் அப்பாவிடம் வந்து சேர்ந்திருந்தது.

அதற்கு முன் சேலத்திலிருந்து இரண்டு வீட்டார் வந்து சித்தியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு வீட்டாரும் மத்தியான பஸ்ஸில் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், சித்தியைப் பார்த்தார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது, போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். கடைசி பஸ் ஏழு மணிக்கு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் எழுந்தது நாலு மணிக்கு. தகவல் வரவில்லை.

மூன்றாவது வரனைக் கொண்டுவந்தவர் எஸ்டேட் காப்பியை மங்களூருக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். அங்கே காப்பிக் கொட்டையைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் ஆலை ஒன்றில் சூப்பர்வைசராக ஒருவர் இருந்தார். சொந்த ஊர் ஓமலூர். அப்பா இல்லை, அம்மா மட்டும் அவரோடு மங்களூரில். நல்ல பையன், குடி கிடையாது என்றார் டிரைவர். சிக்கல் என்னவென்றால் அந்த அம்மாவுக்கு முட்டி வலி. மலை ஏற மாட்டார். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்ப் பெண்ணைக் காட்டுவதா என்று அப்பா முகத்தைச் சுளித்தார்.

டிரைவர்தான் வழி சொன்னார். "நீங்க பாட்டுக்குக் கடல்ல இருக்கற கோட்டையப் பாக்கப் போறீங்க. அவங்களும் கோட்டை பாக்க வர்றாங்க. ஒரே படகுல ஏறிக்கறீங்க. இதுல யாருக்கு என்னங்க கௌரவக் கொறச்சல்?" அப்பா யோசிப்பதைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். "அது மட்டுமில்லீங்க ரைட்டர் சார். நடுக்கடல்ல கடைசி பஸ்ஸுன்னு யாரும் எந்திரிச்சுப் போக முடியாது பாருங்க."

இதுதான் அப்பாவுக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

காப்பிப் பறிப்பு முடிந்ததும் அப்பா லீவு எடுத்தார். எஸ்டேட்டில் கேட்டவர்களிடமெல்லாம் சுற்றுலா போகிறோம் என்று அம்மா சொன்னாள். எங்கள் குடும்பம் அதுவரை சுற்றுலா என்று எங்கேயும் போனதில்லை. அதனால் யாரும் நம்பவில்லை.

சித்திக்கு இந்த வரனில் விருப்பமில்லை. அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். களத்தில் காப்பியைக் கிளறிவிட்டுக்கொண்டே சொன்னாள். "வேர்த்து வடியற ஊராம் கண்ணு. காத்துலயே மீன் நாத்தம் அடிக்குமாம். நான் போக மாட்டேன். ஆனா நானா வேண்டாம்னு சொல்ல முடியாது. அவிங்களே வேண்டாம்னு சொல்லோணும். அதான் எனக்கு வேணும்." இரண்டு பேர் வேண்டாம் என்று போன பிறகு மூன்றாவதை இவள் வேண்டாம் என்றால் அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. எதையும் யாரிடமும் சொல்லும் பழக்கம் எனக்கு அப்போதே கிடையாது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவையாவது வாந்தி எடுத்துவிடுவேன். கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும். நான் ஏறினாலே ஜன்னல் ஓரத்தில் இருப்பவரை எழுப்பிவிடுவார்கள். பஸ் ஏறும் நாளில் அம்மா எனக்குச் சோறு போட மாட்டாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுப்பாள். கிட்டத்தில் பார்க்காதே, தூரத்தில் தெரியும் மலையைப் பார் என்று அப்பா சொல்லிக்கொண்டே வருவார்.

மங்களூரில் ரயில் இறங்கிய அன்று காலையிலும் லாட்ஜில் அம்மா எனக்கு அரை டம்ளர் கடுங்காப்பி மட்டும் கொடுத்தாள். அம்மா குளிக்கப் போன நேரத்தில், பூ வாங்கி வருகிறேன் என்று சித்தி என்னைக் கீழே கூட்டிப் போனாள். பூவும் வாங்கினாள். பிறகு பக்கத்து ஓட்டலில் உட்காரவைத்து இரண்டு செட் பூரிக்கிழங்கு வாங்கிக் கொடுத்தாள். அதற்கு மேல் ஒரு துண்டு அல்வா. கடலில் போகும்போது வயிறு நிறைய இருந்தால்தான் ஆட்டம் தெரியாது என்றாள். பயண நாளில் எனக்கு அப்படி ஒரு சாப்பாடு கிடைத்ததே இல்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

அங்கிருந்து படகுத்துறைக்கு ஒன்றரை மணி நேரம் பஸ். வளைவே இல்லாத ரோடு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கியதும் அம்மா கண்ணில் படாமல் சித்தி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். குடித்ததும் இன்னொன்று வாங்கி, வழுக்கையையும் தோண்டிக் கொடுத்தாள்.

இதெல்லாம் தற்செயல் இல்லை என்று சித்தியே பின்னால் ஒரு நாள் சொன்னாள். அப்போது அவள் வெள்ளக்கடை என்ற ஊரில் ஒரு விவசாயியைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். எனக்கும் கல்யாணமாகிக் கையில் குழந்தை. கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி பூரியையும் அல்வாவையும் சொல்லி அவ்வளவு சிரித்தாள். நான் எடுக்கும் வாந்தி மாப்பிள்ளையின் அம்மா மேல் படும் என்று நினைத்துத்தான் படகில் என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்தாளாம். அந்தப் படகில் பிறகு நடந்ததைப் பற்றி அவள் பேசவில்லை.

படகுத்துறையில் டிரைவர் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார். "அட, ரைட்டர் சார்! நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?"

அப்பாவுக்கு நடிக்கத் தெரியாது. "நீதானேப்பா வரச் சொன்னே" என்றார்.

அம்மா அப்பாவின் முழங்கையில் இடித்தாள். டிரைவர் சிரித்தார். அவர் பக்கத்தில் நின்றிருந்த மாப்பிள்ளையும் குனிந்துகொண்டு சிரித்தார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சித்தியை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். மாப்பிள்ளை ஒல்லி. இஸ்திரி மடிப்புக் கலையாத வெளிர் நீலச் சட்டை போட்டிருந்தார். சித்தியைப் பார்க்கவே இல்லை. நானும் யாரையும் நிமிர்ந்து பார்க்காத பிள்ளை என்பதால் அவரை எனக்கு உடனே பிடித்துப்போனது.

படகில் பலகைகள் குறுக்காகப் போட்டிருந்தன. மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. "அங்க போய் உக்காரு சாமி, கோட்டை நல்லாத் தெரியும்" என்று சித்தி என்னை அனுப்பினாள். காதில் மட்டும், கோட்டை வரும் வரைக்கும் கிட்டத்துத் தண்ணீரையே பார் என்றாள். நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை. தண்ணீரையே பார்த்தேன்.

பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பேசினார்கள் என்றால் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், என் அம்மா பதில் சொன்னாள். "மலைக்காரங்களுக்குச் சமதளத்துல நடந்தா கால் வலிக்கும்னு சொல்றாங்களே, நெசமாங்க?" என்றார். அதெல்லாம் இல்லீங்க என்றாள் அம்மா. குளிர் ஊரிலேயே இருந்த பெண், வெயிலில் கறுத்துவிடாதா என்றார். அதுவும் இல்லீங்க என்றாள் அம்மா. சித்தி எதிர்ப் பலகையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோட்டை வந்துவிட்டது. நாங்கள் இறங்க முடியாது, சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புவோம் என்று படகுக்காரர் சொல்லியிருந்தார். கரைப் பக்கம் அலை இல்லை. அடுத்த பக்கம், கடலைப் பார்த்த பக்கம் திரும்பியதும் படகு பக்கவாட்டில் தூக்கிப் போட ஆரம்பித்தது. அப்போதுதான் மாப்பிள்ளை முதல் தடவையாக வாய் திறந்தார். என்னிடம்தான். "பாப்பா, அங்க பாரு. அந்த ஓட்டை வழியாத்தான் பீரங்கிய நீட்டுவாங்க."

கூப்பிட்டவர் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான்.

நீலச் சட்டையின் பையிலிருந்து மடி வரைக்கும் ஆகிவிட்டது. பூரி, கிழங்கு, வழுக்கை எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. என் அம்மாவுக்கு அவமானத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. "காலைல இருந்து இவ ஒண்ணுமே சாப்பிடலையே!" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகின் அடுத்த முனைக்கு எழுந்து போனார். அந்த முட்டி வலியோடு அவ்வளவு வேகமாகப் போவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "மொதமொதல்ல பாக்கற நேரத்துல இப்பிடியா!" என்று அங்கிருந்தே சொன்னார்.

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் முதுகைத் தடவினார். "எடுத்துரு பாப்பா, அடக்காத. முழுசா எடுத்துரு" என்றார். என் அம்மாவைத் தவிர வேறு யாரும் அப்படி என் நெற்றியைப் பிடித்ததில்லை. வாந்தி நின்றதும் படகுக்காரரிடம் தகரக் குவளை வாங்கி, கடல் தண்ணீரை மொண்டு முதலில் என் கை காலைக் கழுவினார். தன் பையிலிருந்த குடிதண்ணீரைக் கொப்பளிக்கக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் சட்டையைக் கழுவினார்.

சித்தி எழுந்து வந்தாள். குவளையை வாங்கிப் பலகையைக் கழுவினாள். அவர் மொண்டு மொண்டு ஊற்றினார். முடிந்ததும் என்னை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். என் கண்ணுக்கு வானமும், கறுத்த மதிலின் மேல் ஓரமும் மட்டும் தெரிந்தன.

"நொம்பச் சங்கடமாப் போச்சுங்க" என்றாள் சித்தி.

"இதுல என்னங்க இருக்குது. மொதல் தடவை நானும் இதே எடத்துலதாங்க எடுத்தேன்."

சித்தி சிரித்துவிட்டாள். அவள் வயிறு குலுங்கியது.

பிறகு அவர் கோட்டையைப் பற்றிச் சொன்னார். மழைக்காலத்தில் நாலு மாதம் படகு போகாதாம். அந்தக் காலத்தில் உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே போக முடியாது. சேர்த்து வைத்த தானியத்தை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். உப்புக் கடலுக்கு நடுவில் இருந்தாலும் உள்ளே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு உண்டாம்.

"பொம்பளைங்களும் உள்ள இருந்தாங்களா?"

"இருந்திருப்பாங்க."

"நாலு மாசம் என்ன பண்ணுவாங்க?"

அவர் யோசித்தார். "தெரியலீங்களே. அதை யாரும் எழுதி வெக்கல போலிருக்குது."

ஏதோ ஒரு கதையை அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாது என்றார். மதில் முடிந்து வெறும் வானம் வந்தபோது சித்தி இன்னொன்று கேட்டாள். "இந்த ஊர்ல எப்பவுமே இப்பிடித்தான் வேர்க்குமாங்க?"

"பகல்ல வேர்க்கும். சாயங்காலமாக் கடல் காத்து வருமுங்க. மொட்டை மாடில உக்காந்தா தெரியாது."

சித்தி "ம்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அப்பாவிடம், "அவிங்க எப்பத் தகவல் சொல்லுவாங்க மாமா?" என்று கேட்டாள். முந்தைய இரண்டு தடவையும் அவள் அப்படிக் கேட்டதில்லை. அப்பா திரும்பி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, டிரைவர் அவர்களோடு வீட்டுக்குப் போயிருக்கிறார், விசாரித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிவிடுவார் என்றார்.

டிரைவர் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தார். அப்பாவைத் தனியாகத் தூணுக்குப் பின்னால் கூட்டிப் போனார். லாரிக்குள்ளேயே பேசிப் பழகிய குரல் என்பதால் பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது.

"பொண்ணு மேல குத்தம் ஒண்ணுமில்லீங்களாம். மொதமொதல்ல பாக்கறப்ப இப்பிடி ஆனது சகுனம் சரியில்லைன்னு அந்தம்மா ஒரேயடியா வேண்டாம்னுட்டாங்க."

"சரி, உடு" என்றார் அப்பா. அம்மா என்னைத் திட்ட வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சித்தி பெஞ்சிலிருந்து எழுந்து தூணுக்கு அருகே போனாள். "அவுரு என்னங்க சொன்னாரு?" என்று நேராக டிரைவரிடமே கேட்டாள்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அவரு ஊட்டுக்குப் போன ஒடனே சட்டையத் தொவைக்க ஒக்காந்துட்டாருங்க. நான் கெளம்பற வரைக்கும் தொவைச்சுட்டேதான் இருந்தாரு. ஒண்ணும் பேசல."

சித்தி திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா அவள் முதுகில் கை வைத்தாள். அப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பிளாட்பாரத்தில் எங்களில் சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான். அதை அடக்க முடியவில்லை. அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து சித்தியின் காதருகே போனேன்.

"சித்தி, நீ கேட்ட மாதிரியே அவிங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிக்கவில்லை. ஸ்டேஷன் சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னேன்.