வாசலில் வைத்த தொட்டி

வரிக்காரரை எந்தத் தெருவிலும் யாரும் வாய் நிறைய "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. சைக்கிள் மணி கேட்டாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். சொத்து வரி வசூலிப்பது அவர் வேலை. வசவு வாங்குவது அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மனுஷன் அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு, "நம்ம வரியிலதாங்க தெருவிளக்கு எரியுது, குப்பை போகுது" என்று பொறுமையாகச் சொல்வார். நம்பித்தான் சொன்னார், பாவம்.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது சொந்த அக்கா வீட்டு வாசலில். அக்கா முன்னறையில் இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். வாசலை ஒட்டிய சாக்கடைக் குழியின் இரும்பு மூடி உடைந்துபோனது. ஒரு மழை நாளில் மாமா அதில் காலை விட்டார். முழங்கால் போயே போய்விட்டது. அன்றிலிருந்து கையில் கம்பு. அக்கா நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். இன்ஜினியரிடம் ஒரே பாட்டு: "நிதி இல்லைம்மா." அதே வருஷம் நகராட்சி வாசலில் கலர் விளக்கோடு நீரூற்று வைத்தார்கள்! அதற்கு மட்டும் நிதி எந்த வானத்திலிருந்து கொட்டியதாம்?

அக்கா வரி கட்டுவதை நிறுத்தினாள். தம்பி வந்து கெஞ்சினார்.

"பணம் பீரோவுலதான்டா இருக்கு. குழிய மூடச் சொல்லு, அடுத்த நிமிஷம் எடுத்துத் தர்றேன்."

"ஆபீஸ்ல என் மானம் போகுதுக்கா."

"உங்க மாமா காலே போச்சு. உன் மானத்த தூக்கிக் குப்பையில போடு!"

குப்பை தானாகவே வந்தது. பாக்கி வைத்தவர் வாசலில் குப்பைத் தொட்டியை வைப்பது என்று கமிஷனர் உத்தரவு போட்டார். நாற்றம் தாங்காமல் கட்டிவிடுவார்களாம். நகராட்சித் தலைவரின் மச்சான் நடத்தும் கல்யாண மண்டபத்தில் பாக்கி மலையாகக் கிடந்தது. அங்கே ஒரு கூடைகூடப் போகவில்லை. இஸ்திரிக்காரி வாசலுக்கு லாரியே வந்தது. வரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே போனார்.

தெருவோ ஒடுங்கிக் கிடக்கிற தெரு. இடம் தேடிப் பார்த்த ஆட்கள், பெரிய இரும்புத் தொட்டியை அந்தக் குழிமேலேயே இறக்கினார்கள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அட, ஒரு வழியா மூடிட்டீங்களேடா! சொன்ன சொல்ல மாத்த மாட்டேன், இந்தா பிடி."

பாக்கியை முழுசாகக் கட்டினாள். கட்டியவர் வாசலில் தொட்டி இருக்கக்கூடாது என்பதும் உத்தரவுதான். மறுநாள் காலை அதே லாரி வந்து தொட்டியைத் தூக்கியது. குழி மறுபடி வாயைப் பிளந்தது.

"அப்ப நான் கட்டின பணம் எதுக்குடா?" என்றாள் அக்கா. சிரிக்கவில்லை.

வரிக்காரர் இத்தனை வருஷம் வீடு வீடாகச் சொன்னதெல்லாம் பொய்யா? லாரியில் ஏறி நேரே இன்ஜினியரிடம் போனார். "நிதி இல்லைங்க" என்றார் அந்த ஆள், தலையைக்கூட நிமிர்த்தாமல். ஜன்னலுக்கு வெளியே நீரூற்று ஜோராகப் பொழிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்துக் குழிமேல் பளபளவென்று ஒரு புது மூடி. அக்கா வாசலில் உடைந்துபோன மூடியின் அதே அளவு.

அடக்கி அடக்கி வைத்த ஆத்திரம் அன்றைக்குத்தான் தலைக்கு ஏறியது. பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, ஆட்களோடு சேர்ந்து அந்த மூடியைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார். யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று குழிமேல் குப்பைத் தொட்டியை இறக்கினார். கமிஷனர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"யோவ், உனக்கென்ன பைத்தியமா?"

"பாக்கி வச்சவங்க வாசல்ல தொட்டிய வைக்கச் சொன்னது நீங்கதானே சார்? எங்க அக்கா கட்டிட்டா. நீங்க இன்னும் கட்டல."

மத்தியானத்துக்குள் நகராட்சி வாசலுக்கு வேறொரு புது மூடி வந்துவிட்டது. நிதி இல்லை என்று ஒருத்தரும் மூச்சு விடவில்லை. வரிக்காரரை சஸ்பெண்ட் செய்த உத்தரவும் கையோடு வந்தது.

சாயங்காலம் வரிக்காரர் அக்கா தெருவுக்குப் போனார். லாரி கொண்டுவந்து குழியில் பொருத்திய மூடிமேல் மாமா நாற்காலியைப் போட்டு, மடியில் கம்போடு உட்கார்ந்திருந்தார்.

"எவன் வந்து எடுக்கிறான்னு பாக்குறேன்" என்றார் மாமா.