புளி போட்டு மினுக்கின கோப்பிக் கேத்தில்

பழைய இங்கிலீசு வெள்ளிச் சாமான் விக்கிற கடையிலை வேலை எண்டால் சாமானின்ரை முகத்தைப் பாக்கிறதில்லை, கவிட்டுப் போட்டு அடியைத்தான் பாக்கிறது. வீடு வீடாய்ப் போய் மினுக்கி மினுக்கிக் கை தேஞ்ச என்ர சகோதரங்களே, நாங்கள் எல்லாம் பளபளப்பு வந்தவுடனை வேலை முடிஞ்சுது எண்டு துணியை உதறிப்போட்டு வாற ஆக்கள். இஞ்சை அதுக்குப் பிறகுதான் வேலை தொடங்குது.

நான் வீட்டோடை நிண்டு பாத்துக்கொண்டிருந்த வயசான இத்தாலிக்கார அம்மா, என்ர சின்யோரா, போன வருசம் மோசம் போயிட்டா. அவவோடை என்ர வேலையும் போச்சு. பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டிலை இருக்கிறதுக்குத் தாற அனுமதி, முடியிறதுக்குச் சரியாய் நாலு மாசம் இருந்துது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் அதைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிசுக் கந்தோருக்குப் போனால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும், நாட்டை விட்டுப் போ எண்டுவினம். அந்த நேரத்திலைதான் பலேர்மோவிலை போர்கோ வெக்கியோச் சந்தைக்குக் கிட்ட வெள்ளிக்கடை வச்சிருக்கிற சின்யோரா பீனா என்னைக் கூப்பிட்டா. "மூண்டு மாசம் பாப்பம், சரிவந்தால் ஒப்பந்தம்" எண்டா. அந்த மூண்டு மாசத்துக் கதையள்தான் இது.

வாள் இல்லாத சிங்கம்

முதல் நாள் சின்யோரா ஒரு கரண்டியைத் தந்து, பூதக்கண்ணாடியையும் கையிலை வச்சு, "என்ன தெரியுது, சொல்லு" எண்டா. பாத்தன். காம்பின்ரை பின்பக்கத்திலை வரிசையாய்க் குட்டிக் குட்டி அச்சு. ஒண்டு நடக்கிற சிங்கம். ஐயோ மாதாவே! சிங்கக் கொடிக்குப் பயந்து மன்னாரிலையிருந்து கடல் கடந்து வந்தவள் நான், பலேர்மோவிலை ஒரு கரண்டிக்குள்ளை எனக்கு முன்னாலை வந்து நிக்குது சிங்கம்!

சின்யோரா பொறுமையாய் விளங்கப்படுத்தினா. சிங்கம் எண்டால் நல்ல வெள்ளி எண்டு அரசாங்கம் பாத்துக் குத்தின முத்திரை. பக்கத்திலை இருக்கிறது எந்த ஊரிலை பாத்தது எண்டதுக்கு, ஒற்றை எழுத்து எந்த வருசம் எண்டதுக்கு, ரெண்டு எழுத்துச் சேந்து நிண்டால் அது செய்த தட்டானின்ரை பேர். முந்தி வைன் வியாபாரத்துக்கு இங்கிலீசுக்காரர் இந்தப் பக்கம் வந்து குடியிருந்தவையாம். அவை போயிட்டினம், முள்ளுக்கரண்டியள் நிண்டிட்டுது.

வீட்டை போய் மனுசனிட்டைச் சொன்னன், இஞ்சையும் சிங்கத்துக்குக் கீழைதான் வேலை எண்டு. அந்தோனி துறைமுகத்திலை சாமான் ஏத்தி இறக்கிக் களைச்சு வந்து காலை நீட்டிக்கொண்டிருந்தவர். காலை மடக்காமலே சொன்னார்.

"வாள் பிடிச்சுக்கொண்டு நிக்கேல்லைத்தானே? அப்ப பயப்பிடாமல் வேலைக்குப் போம்."

நாற்பது வருசத்துத் தட்டம்

ரெண்டாம் கிழமை ஒரு வயசாளி, பேப்பரிலை சுத்தி, அதுக்கு மேலை கம்பளியாலை சுத்தி, குழந்தைப்பிள்ளையைக் கொண்டு வாறமாதிரி ஒரு தட்டம் கொண்டு வந்தார். போர்கோ வெக்கியோவிலை மீன் வித்த ஆள். தகப்பன் இங்கிலீசுத் துரை வீட்டிலை வேலை செய்தவராம், துரை போகேக்கை குடுத்ததாம், நாற்பது வருசமாய்ப் பாவிக்காமல் பூட்டி வச்சிருந்ததாம். சின்யோரா உள்ளுக்கை போனிலை கதைச்சுக்கொண்டு நிண்டா. எனக்குக் கை துறுதுறுத்துது. கவிட்டன். சிங்கம் இல்லை. நாலு இங்கிலீசு எழுத்து மட்டும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளை, பாக்கிறதுக்கு அசல் முத்திரை மாதிரியே.

அது முலாம் பூசினது எண்டு சொல்லுற எழுத்து. உள்ளுக்கை வேறை உலோகம், மேலைதான் வெள்ளி. அதை எப்பிடி அந்த மனிசனிட்டைச் சொல்லுறது? மெதுவாய், ரெண்டு தரம் இருமிப்போட்டுச் சொன்னன். அவர் கோவிக்கேல்லை, அழவும் இல்லை. தட்டத்தைத் திரும்பக் கம்பளியாலை சுத்தினார். அப்பதான் பாத்தன், அவற்றை முகத்திலை ஒரு பெரிய நிம்மதி.

"நல்ல காலம். மகள்மார் ரெண்டு பேரும் இதுக்குச் சண்டைபிடிக்கினம், இனி ரெண்டு பேருக்கும் வேண்டாம். நான் இதிலை வச்சு ஒலிவ் காய் சாப்பிடுவன்."

நங்கூரக் கரண்டி

அந்தோனியோடை துறைமுகத்திலை வேலை செய்யிற சால்வோ, பேரப்பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கு ஒரு வெள்ளிக் கரண்டி வேணும் எண்டு வந்தான். நூறு கரண்டி காட்டினன். அச்சிலை நங்கூரம் இருந்த ஒண்டைக் கண்டவுடனை துள்ளிப் போனான். "நாலு தலைமுறையாய்க் கடல்காரர் நாங்கள், இது எங்களுக்கெண்டே செய்தது!" எண்டு முத்தம் வேறை குடுத்தான்.

நான் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கமாட்டனே! அந்த நங்கூரம் பர்மிங்காம் எண்ட ஊரின்ரை முத்திரை. அந்த ஊருக்குக் கடலே இல்லை, பக்கத்திலையும் இல்லை. சொன்னாப் பிறகு நாக்கைக் கடிச்சன், வந்த வியாபாரத்தையும் குழப்பிப்போட்டன், ஒப்பந்தம் அவ்வளவுதான் எண்டு. சால்வோ கரண்டியை ஒருக்கால் அப்பிடி இப்பிடித் திருப்பிப் பாத்தான்.

"என்ர மச்சானுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, சட்டைப் பையிலை மூண்டு பேனை. பாவம், அந்த ஊரும் ஆசைப்பட்டிருக்கும். சுத்தித் தாங்கோ, அக்கா."

புளியும் சாம்பலும்

இனித்தான் பெரிய கதை. மூண்டாம் மாசக் கடைசி. ஒரு பழைய மாளிகையிலையிருந்து கோப்பிக் கேத்தில் ஒண்டு வந்துது, தார் ஊத்தினமாதிரிக் கறுப்பு. அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்குக் கத்தானியாவிலையிருந்து வழக்குப் பேசுற ஒரு அப்புக்காத்தர் அதை வாங்கலாமோ எண்டு பாக்க வாறார். சின்யோரா தாயோடை ஆசுப்பத்திரிக்குப் போற அவசரத்திலை, "கறுப்பை மட்டும் எடு, ரெஜினா" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா. கடையிலை இருந்த மினுக்கிற களிம்பு ஒரு மூலைக்கும் காணாது.

அந்தக் கிழமைதான் எங்கடை தமிழ்ச் சனத்தின்ரை கோயில் பெருநாளுக்கு மெழுகுதிரித் தண்டெல்லாம் மினுக்கினனாங்கள். என்னண்டு? புளியும் சாம்பலும்தான், வேறை என்ன? மிச்சப் புளி என்ர பையுக்கை கிடந்துது. முன்னாலை பேக்கரியிலை கட்டை அடுப்பு. ஓடிப்போய் ஒரு பேணி சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து, செபமாலை சொல்லிக்கொண்டு உரஞ்சினன் பாருங்கோ, மூண்டு மணித்தியாலம்! உள்ளுக்கை, வெளியிலை, கைபிடி, அடி, ஒண்டும் விடேல்லை. கேத்தில் நிலவு மாதிரி வந்திட்டுது. பெருமையிலை பூதக்கண்ணாடியை எடுத்து அடியைப் பாத்தன். முத்திரை இருக்க வேண்டிய இடம் வழுவழு எண்டு கிடந்துது. சிங்கமும் இல்லை, எழுத்தும் இல்லை, தட்டானும் இல்லை.

நான்தான் உரஞ்சி அழிச்சுப்போட்டன்! முத்திரை இல்லாத கேத்தில் வெறும் கேத்தில். ஒப்பந்தம் போச்சு, பெர்மெஸ்ஸோ போச்சு, பதினாறு வருசத்துப் பலேர்மோ ஒரு உருண்டை புளியிலை கரைஞ்சு போச்சு. அந்தோனிக்குப் போன் எடுத்து அழுதன். "ஒண்டும் தெரியாதமாதிரி இரும், அது வரேக்கையே அப்பிடித்தான் எண்டு சொல்லும்" எண்டார். சொல்லிப் பாத்தன், கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு. என்ர முகமே என்னை நம்பேல்லை.

விடியக் கடை திறந்தவுடனை சின்யோரா மேல்கோட்டைக் கழட்டி மாட்ட முந்தியே எல்லாத்தையும் சொல்லிக் கொட்டிப்போட்டன். புளி, சாம்பல், செபமாலை, எல்லாம். அவ கேத்திலை வாங்கிக் கவிட்டுப் பாத்தா. பேந்து தன்ர போனை எடுத்து, கேத்தில் வந்த அண்டைக்குப் பிடிச்ச படத்தைப் பெருப்பிச்சுக் காட்டினா. கறுப்புக்குள்ளை அந்த இடம் அண்டைக்கும் வழுவழு எண்டுதான் கிடந்துது. பேந்து மூடியைக் கழட்டி உள்பக்கத்தைக் காட்டினா. மூடிக்கும் தனியாய் முத்திரை குத்துறவையாம். கூராய், புதுசாய், ஒரு குட்டிச் சிங்கம். பக்கத்திலை தட்டானின்ரை ரெண்டு எழுத்தும். நான் கதிரையிலை இருந்து ஓ எண்டு அழுதிட்டன். அது துக்கத்திலை வந்த அழுகை இல்லை, பெரிய பாறாங்கல்லை ஆரோ நெஞ்சிலையிருந்து தூக்கி வச்சமாதிரி ஒரு சுகம்.

"அதை அழிக்க மூண்டு மணித்தியாலம் காணாது, ரெஜினா, நூறு வருசம் மினுக்கோணும். அத்தனை வேலைக்காரியளின்ரை பழியையும் நீ ஒருத்தி ஏன் தலையிலை போடுறாய்?"

நாலு மணி

அப்புக்காத்தர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சின்யோரா அடி தேஞ்சிருக்கிறதை ஒளிக்காமல் சொன்னா, மூடியையும் காட்டினா. மனிசன் பூதக்கண்ணாடியாலை பாத்தார், நிறுத்தார், தட்டிப் பாத்தார். நான் சின்யோராவுக்குப் பக்கத்திலை மேசையோடை ஒட்டிக்கொண்டு நிக்கிறன். பேந்து கேத்திலுக்குள்ளை மூக்கை விட்டார். கண்ணை மூடினார்.

"தமரிந்தோ!" எண்டார். இந்த ஊரிலை சின்னப்பிள்ளையளுக்குக் கோடையிலை குடுக்கிற புளிச் சர்பத். "நான் சின்ன வயசிலை குடிச்ச அதே மணம். பழைய சிசிலிக் குடும்பத்து வீட்டிலை இருந்த சாமான் எண்டு என்ர மூக்கே சொல்லுது!" சின்யோரா மேசைக்குக் கீழாலை என்ர காலை மிதிக்கிறா. ஆனால் விடியவே ஒருக்கால் உண்மை சொல்லிப் பழகின வாய் நிக்குமே? "சின்யோர், மன்னிக்கோணும், அது நான் நேத்துப் போட்டு உரஞ்சின புளி" எண்டன்.

சின்யோரா கண்ணைப் பொத்திக்கொண்டா. பேந்து அந்த மனிசன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார் பாருங்கோ! கண்ணைத் துடைச்சு, "சாமானைப் பற்றி இவ்வளவு உண்மை சொல்லுற கடையை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" எண்டு, கேத்திலைச் சுத்தச் சொன்னார். அவர் போனாப் பிறகு சின்யோரா கதவைச் சாத்திப்போட்டு, உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னட்டை வந்தா.

"நாளைக்கு ஒப்பந்தம் எழுதுவம். ஆனால் இனிக் கடைக்குள்ளை புளி கொண்டு வந்தியோ, அதைக் கிழிச்சுப் போடுவன்."

இப்ப பெர்மெஸ்ஸோ கையிலை பத்திரமாய் இருக்கு, புளி குழம்புச் சட்டிக்குள்ளை பத்திரமாய் இருக்கு, ரெண்டையும் ஒரே பையுக்கை வைக்கிற விசர் வேலை மட்டும் நான் பேந்து செய்யிறேல்லை.