கறுப்புத் துணிக்குள் குழந்தை

1991 சித்திரையில், காய்ச்சல் கண்ட எட்டு மாத மகளோடு நானும் மனைவியும் திருப்பூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். அவிநாசிபாளையம் தாண்டியதும் பேருந்து பழுதாகி நின்றது. நடந்தோம். வெயில் படாமலிருக்க, நான் வேலை பார்த்த கம்பெனியில் மிஞ்சிய கறுப்புப் பனியன் துணியால் மகளை மூடியிருந்தோம்.

"ஏனுங்க, அழுகைய நிறுத்திட்டாளுங்க," என்றாள் மனைவி.

தொட்டேன். துணி தோசைக்கல்லாகச் சுட்டது. நிழல் என்று நினைத்து வெயிலையே போர்த்தியிருந்தோம். அதை வீசிவிட்டு, என் வெள்ளை வேட்டியை அவிழ்த்து மகளுக்கு மேலே விரித்துப் பிடித்தேன்.

டிராயரோடு நின்ற என்னைப் பார்த்து ஒரு லாரிக்காரர் சிரித்தார். "வேட்டியக் காத்து தூக்கீருச்சுங்களா?"

"கொழந்தைங்க!" என்று அலறினேன்.

ஏற்றிக்கொண்டார். "அழு கண்ணு, அழு," என்று மனைவி வழியெல்லாம் கெஞ்சினாள். திருப்பூரை நெருங்கும்போது லாரிக்காரர்தான் முதலில் கத்தினார்: "அழுகுதுங்க!"