பழைய பையில் இருந்த எண்

கல்வராயன் மலைச் சாமையைக் கள்ளக்குறிச்சியில் விற்கும் கடை எங்களுடையது. வெப்சைட் போட இருவரை விசாரித்தேன். முதலாமவர், “கடை போனை யாருங்க எடுப்பாங்க?” என்று முதலிலேயே கேட்டார். அதுவரை போனை எடுத்துவந்த கணவர் இறந்துவிட்டதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “கடை பேரு போட்ட பழைய பை ஒண்ணு குடுங்க, அதப் பாத்து செஞ்சிடுறேன்” என்ற இரண்டாமவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டேன்.

நான்கு மாதம் ஓர் அழைப்பும் வரவில்லை. என் போனைப் பார்த்தபடியே கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் திருநாவலூரிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்தார். “வெப்சைட்டு நம்பருக்குப் போட்டுக்கினே இருக்கேன், சுவிட்ச் ஆஃப்னே வருது. இன்னா ஆச்சுங்க?”

அது பையில் அச்சிட்டிருந்த என் கணவரின் எண். அந்தப் போன் பீரோவுக்குள் கிடக்கிறது. வெப்சைட்டில் எந்த எண் இருக்கிறதென்று நான் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.

இப்போது முதலாமவரிடம்தான் வேலையைக் கொடுத்திருக்கிறேன். அதே கேள்வியைக் கேட்டார்.

“நான் மட்டுந்தாங்க” என்றேன்.