வெறும் வயிறு

ஆபரேஷன் மேஜைக்கு ஆள் வந்தால் டாக்டரம்மா அனந்தமதி முதலில் கேட்கிற கேள்வி, "காலைல கூழுக்கு இன்னா தொட்டுக்கினே?" என்பதுதான். "சாப்டியா?" என்று கேட்டால் பிரயோஜனமில்லை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்களே என்று எல்லாரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணாத குறையாக "இல்லம்மா" என்பார்கள். தொட்டுக்கொண்டது என்ன என்று கேட்டால் மட்டும் வாய் தானாகத் திறந்துவிடும். "வெங்காயம்தாம்மா", "சுட்ட கருவாடு" என்று உண்மை வந்து விழும். உடனே ஆபரேஷன் மறுநாளைக்குப் போகும். சோறு இருக்கிற வயிற்றோடு மயக்கம் கொடுத்தால் அது மேலே ஏறி மூச்சுக்குழலில் இறங்கும். இறங்கினால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால், நாலு வியாபாரிகள் சேர்ந்து கட்டிய தர்ம ஆஸ்பத்திரி அது. அனந்தமதி மெட்ராஸில் எம்.பி.பி.எஸ். முடித்து அங்கே வந்த அன்று, சர்ஜன் ராமகிருஷ்ணன் ஒரு கம்பி முகமூடியையும் மயக்கம் கொடுக்கிற ஈதர் பாட்டிலையும் அவள் கையில் கொடுத்தார். "துணியச் சுத்தி மூக்கு மேல வெச்சி, சொட்டுச் சொட்டா விடும்மா. மூச்சப் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான் பயிற்சி. கை பழகியதே படிப்பாயிற்று. பிழைத்தவர்கள் ஏன் பிழைத்தார்கள் என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஒருத்தி மட்டும், வல்லத்திலிருந்து கட்டை வண்டியில் வந்த பிள்ளைத்தாய்ச்சி, மேஜை மேலேயே போய்விட்டாள். அவள் ஏன் போனாள் என்பதும் அனந்தமதிக்குத் தெரியாது. அந்தக் கேள்விதான் அவளைத் தூங்கவிடவில்லை. அமெரிக்கா போய் இதை முறையாகப் படிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதற்குப் பனியும் காரும் காரணமில்லை.

கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி அங்கிருந்து எழுதியிருந்தாள். "சர்ஜரியை நினைக்காதே, வெளிநாட்டாருக்கு லேசில் கிடைக்காது. மயக்க மருந்துத் துறையில் இடம் காலியாகக் கிடக்கிறது, அவர்கள் பிள்ளைகளே சீந்துவதில்லை." யாரும் சீந்தாத அந்த இடத்தைத்தான் அனந்தமதி ராப்பகலாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

முதலில் அவர்கள் வைக்கிற பரீட்சை. மெட்ராஸுக்குப் போய் எழுதினாள். மருத்துவத்தில் தேறினாள், இங்கிலீஷில் போயிற்று. டேப்பில் பேசிய அமெரிக்கன் மூக்கால் பேசினானா தொண்டையால் பேசினானா என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. மறு தடவை தேறினாள். அப்புறம் விண்ணப்பங்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பையன்கள் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்காகத் தட்டுவாள். மயக்கம் கொடுக்கிற எந்த மெஷினில் பழக்கம் என்று எல்லாரும் கேட்டார்கள். மெஷினைப் படத்தில் பார்த்த பழக்கம்தான் அவளுக்கு. பொய் சொல்ல வரவில்லை. "ஈதர், கம்பி முகமூடி" என்று எழுதினாள். பதில்கள் ரொம்ப மரியாதையாக வந்தன. இல்லை என்பதை அத்தனை மரியாதையாகச் சொல்ல நம் ஊர் ஆட்களுக்கு இன்னும் வரவில்லை. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. தபால்காரர் வீராசாமி நீலக்கவரை நீட்டும்போதே, "இதுவும் அதானாம்மா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டிலும் இளைப்பாற வழியில்லை. நைனா காலமான பிறகு அம்மா ருக்மணிதான் மல்லாட்டைக் கடலை வியாபாரத்தையும் வீட்டையும் பார்த்துக்கொண்டாள். சமணக் குடும்பம், பொழுதோடு சாப்பிட்டுவிட வேண்டும். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. தீயில் விழுகிற பூச்சிக்கும் உயிர் இருக்கிறதே. மகள் பிரசவ கேஸ் பார்த்துவிட்டு இருட்டித் திரும்பினால் அவளுக்கும் பட்டினிதான். அம்மாவும் பக்கத்தில் சாப்பிடாமல் படுத்திருப்பாள். அடுப்பை மட்டும் தொடமாட்டாள். அனந்தமதியும் கேட்டதில்லை.

"அந்த ஊர்ல மார்கழி தையில நாலு மணிக்கே இருட்டிடுமாமே, நீ எப்படி சாப்டுவே?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"மொதல்ல எடம் கெடைக்கட்டும்மா."

"கெடைக்கக் கூடாதுன்னு நான் வேண்டிக்கல. கெடைக்கணும்னும் வேண்டிக்கல" என்றாள் ருக்மணி.

அறுபத்தாறாம் வருஷம் மாசி மாதம் ஒரு கடிதம் வந்தது. ஏதோ ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. மயக்க மருந்துத் துறையின் தலைவர் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: நானும் அந்தக் கம்பி முகமூடியில்தான் தொடங்கினேன். ஜூலையில் இடம் இருக்கிறது, உன்னோடு வேலை செய்கிற சர்ஜன் உன்னைப் பற்றி நேராக எங்களுக்கு எழுத வேண்டும், பங்குனிக்குள் வரவேண்டும் என்பதுதான் சாரம். பங்குனி என்று அவர் சொல்லவில்லை, அனந்தமதி அப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

ராமகிருஷ்ணனிடம் போய் நின்றாள். அவர் கடிதத்தைப் படித்தார். மடித்துக் கொடுத்தார். "எழுதுறேம்மா" என்றார். மறுநாள் கேட்டாள். "நாளைக்கு." அதற்கு மறுநாள், "இந்த வாரம் முடியட்டும்." கெட்ட மனுஷர் இல்லை. அவள் போய்விட்டால் முகமூடி பிடிக்க ஆள் கிடையாது, வெட்ட வேண்டியவர்களை எல்லாம் பஸ் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் சண்டையும் போட முடியவில்லை. நடையாய் நடந்தாள். பகலில் ஆஸ்பத்திரி, ராத்திரியில் பிரசவம், நடுவில் அவர் அறை வாசல். உடம்பு மட்டும் அசந்திருந்தால் பரவாயில்லை, மனசும் அசந்துபோயிற்று. கிடைக்காமலே போனாலும் சரி, கேட்பது நின்றால் போதும் என்று கூடத் தோன்றிவிட்டது.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் பச்சைமுத்து மேஜைக்கு வந்தான். குடலிறக்கம். கல்லுடைக்கிற ஆள், பாறை மாதிரி உடம்பு. அனந்தமதி குனிந்து, "சாப்டியா?" என்றாள்.

"இல்லம்மா."

கூழைப் பற்றிக் கேட்கவில்லை. மறக்கவும் இல்லை. இன்னொரு கேள்வி கேட்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

ஈதரில் பாதி மயங்கும்போதே அவன் வயிறு குலுங்கியது. கேழ்வரகுக் கூழ் வாயில் பொங்கி வந்தது. முகமூடியை வீசிவிட்டு, "சாய்ங்க, சாய்ங்க!" என்று கத்திக்கொண்டே அவனை ஒருக்களித்துத் தலையைத் தாழ்த்தினாள். தொண்டைக்குள் விரல் விட்டு வழித்தாள். காலால் மிதிக்கிற உறிஞ்சியை ராமகிருஷ்ணனே மிதித்தார். பச்சைமுத்துவின் முகம் நீலமாகி, நெடுநேரம் கழித்துத்தான் நிறத்துக்குத் திரும்பியது. அப்புறம் நெஞ்சுச் சளிக்காய்ச்சலில் கிடந்து, பென்சிலின் ஊசியில் எழுந்தான். எழுந்தான் என்பதுதான் முக்கியம்.

அன்று வராந்தாவில் அவன் பெண்சாதி நாகம்மாளைப் பார்த்து அனந்தமதி கத்திய கத்தல் கடைத்தெரு வரை கேட்டது. "அறிவு இருக்குதா உனக்கு? எத்தினி வாட்டி சொன்னேன்? நீயே கொன்னுருப்பியே!"

நாகம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கத்திக்குப் போற ஆள வெறும் வயித்தோட எப்டிம்மா அனுப்புறது? திரும்பி வரலன்னா?"

அனந்தமதிக்கு அப்போது அந்தப் பதில் காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. தப்பு நாகம்மாளுடையது பாதி, தன்னுடையது பாதி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கத்தினாள்.

இனி கடிதம் எங்கே கிடைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே மறுநாள் சர்ஜன் அறைக்குப் போனாள். கேட்பதற்கல்ல, மன்னிப்புச் சொல்ல.

"கூழுக்கு இன்னா தொட்டுக்கினேன்னு நேத்து நீ கேக்கல" என்றார் ராமகிருஷ்ணன்.

"கேக்கல சார்."

"ஏன்?"

"அசந்துட்டேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "உன்ன அசத்தினது நான்தாம்மா. கேட்டவொடனே எழுதிக் கொடுத்திருக்கலாம். அசந்த கையில முகமூடி இருக்கக் கூடாது. ராத்திரியே எழுதிட்டேன், காலைல தபால்ல போட்டாச்சு. நேத்து நடந்ததையும் எழுதியிருக்கேன். நீ என்ன தப்பு பண்ணே, எப்படிக் காப்பாத்தினே, ரெண்டும்."

இரண்டையும் எழுதினால் எவன் இடம் கொடுப்பான் என்று அனந்தமதி நினைத்தாள். வைகாசியில் தந்தி வந்தது: இடம் உறுதி. வீராசாமி சிரித்துக்கொண்டே நீட்டினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து பாயை விரித்துச் சாயங்காலம் வரை தூங்கினாள். ஜெயித்த மனுஷி மாதிரி இல்லை, ஜுரம் விட்ட மனுஷி மாதிரி இருந்தாள். அம்மா தந்தியை எடுத்து மாடத்தில், தீர்த்தங்கரர் படத்துக்குக் கீழே வைத்தாள்.

ஆனியில் புறப்படுகிற அன்று மெட்ராஸுக்கு முதல் பஸ். பொழுது விடியுமுன் கிளம்ப வேண்டும். விடிந்த பிறகுதான் வாயில் தண்ணீர் கூடப் படலாம் என்பதால் திண்டிவனம் தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனந்தமதி பெட்டியைக் கட்டினாள். அப்போது பின்கட்டிலிருந்து புகை வாசனை வந்தது. போய்ப் பார்த்தாள்.

இருட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ருக்மணி அடுப்பின் மேலே ஒரு கையால் விசிறி விசிறி, வருகிற பூச்சிகளைத் தள்ளிக்கொண்டே, இன்னொரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது? இன்னும் விடியலையே!"

"தெரியுது. உக்காரு."

"நான் போற வழியில..."

"அவ்ளோ தூரம் போறவள வெறும் வயித்தோட எப்டிடி அனுப்புறது?" ருக்மணி தோசையைத் தட்டில் போட்டு மகள் முன்னால் நகர்த்தினாள். "பாவம் என்னோட இருக்கட்டும். நீ சாப்டு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற நாகம்மாளின் முகம் அனந்தமதிக்கு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. அன்று அவளைப் பார்த்து அறிவு இருக்குதா என்று கேட்டிருந்தாள். இனிப் போய் மன்னிப்புக் கேட்க நேரமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹாரன் அடித்தது. அவள் தரையில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இருட்டில், அம்மா பிய்த்து வைத்த தோசையைச் சாப்பிட்டாள்.